மாமா சொன்ன படம்

எங்கள் சந்தில் பெண்கள் யாரும் சினிமாவுக்குப் போனதில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியாத படமும் இல்லை. எல்லாம் மாமாவின் புண்ணியம். உம்மாவின் தம்பியான அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் பார்த்துவிட்டு வந்து, மத்தியானம் சோறு தின்ற கையோடு எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதை முதலிலிருந்து கடைசி வரை சொல்வார். தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. கட்டிலில் நாலு பேர், தரையில் பத்துப் பேர், வாசற்படியில் கைப்பிள்ளைக்காரிகள் என்று நிறைந்துவிடும். வாப்பாவுக்கு சினிமா என்றாலே ஆகாது. அந்த நேரம் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். படம் பார்ப்பதுதான் தப்பு, கேட்பதில் தப்பில்லை என்று உம்மா தானாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்தச் சட்டம் சரிதானா என்று யாரும் எந்த ஆலிமிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் நஷ்டம் நமக்குத்தானே!

மாமா சொன்னால் படம் கண்ணுக்கு முன்னால் ஓடும். வில்லன் வரும்போது வாயாலேயே தடதடவென்று வாசிப்பார். கதாநாயகியின் அம்மா சாகும்போது குரலை இறக்கிவிடுவார், நாலு பேராவது மூக்கைச் சிந்துவார்கள். பாட்டு மட்டும் அவருக்கு வராது. “இப்ப ஒரு பாட்டு” என்று நிறுத்துவார். தண்ணீர் குடிக்கிறவர்கள் குடித்துக்கொள்ளலாம், பிள்ளையைப் புரட்டிப் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

அவருக்கென்று ஒரு நடிகர் இருந்தார். பேர் எதற்கு, எங்கள் வீட்டில் ‘அவர்’ என்றால் அவர்தான். அவர் லாரி ஓட்டுவார், மூட்டை தூக்குவார், செங்கல் சுமப்பார். முதலாளி கை நீட்டினால் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசுவார். அந்த வார்த்தைக்காகத்தான் கூட்டம். மாமா தோல் பை தைக்கிற ஒரு கார்கானாவில் தோல் வெட்டுகிறவர். பகல் முழுக்கக் குனிந்தே இருக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரைப் போலவே முடியைப் பின்னுக்குத் தள்ளிச் சீவிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்.

எனக்குப் பத்து வயது நடந்தபோது அந்தக் கார்கானாவிலிருந்து ஐந்து கட்டுத் தோல் காணாமல் போயிற்று. முதலாளி சேட், வேலைக்காரர்கள் மேல் சந்தேகம் சொன்னார். பூட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கிறவர் மாமா என்பதால் போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போயிற்று. மூன்று நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் உண்மை வெளிவந்தது. சேட்டின் மருமகனே டெம்போ வைத்துத் தோலை ஏற்றி விற்றிருக்கிறான். மாமாவை விட்டுவிட்டார்கள்.

வாப்பா அவரை டாக்சியில் கூட்டிவந்தார். டாக்சி என்றால் எங்களுக்குப் பெருநாள் மாதிரி. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மாமா இறங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது. அப்புறம் காய்ச்சல் என்று ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கேட்க வந்தவர்களுக்கெல்லாம் உம்மா ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

“சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டாவ. ரெண்டு கேள்வி கேட்டு, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாவ.”

நான் அதை அப்படியே நம்பினேன். போலீஸ் ஸ்டேஷனில் டீ தருவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

இதில் கவலை என்னவென்றால், மாமாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். பெண் நாலு சந்து தள்ளி. நோன்பு கழிந்ததும் நாள் வைக்கலாம் என்று பேச்சு. போலீஸ் விஷயம் காதில் விழுந்ததும் பெண் வீட்டார் ‘கொஞ்சம் ஆறப் போடலாம்’ என்றார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. மாமாவோ முன்னைப் போல் இல்லை. வேறு கார்கானாவுக்கு வேலைக்குப் போனார், வந்தார், தின்றார், படுத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால்கூட அசையவில்லை. பெண்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ‘போனவன் ஒரு மாதிரி, வந்தவன் ஒரு மாதிரி’ என்ற பேச்சு நாலு சந்து தாண்டியும் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் நடிகர் நடித்த படம் வந்தது. மெட்ராஸில் ஓடித் தேய்ந்த படம் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பம்பாய் வரும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரே காட்சி. பன்னிரண்டு மணி இந்திப் படத்துக்காக எங்களைக் கோழியை விரட்டுகிற மாதிரி விரட்டிவிடுவார்கள். இந்தப் படத்துக்கான போஸ்டர் தெருமுனை நாக்காவில் ஒட்டியிருந்தது. அவர் காக்கிச் சட்டையும் கூலிங்கிளாசுமாக, இடுப்பில் கை வைத்து நின்றார். கொலை, நகைக் கொள்ளை, துப்பறியும் இன்ஸ்பெக்டர் என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

உம்மா ஒரு கணக்குப் போட்டாள். இந்தப் படத்தை மாமா பார்த்துவிட்டு வந்து பழையபடி சொல்ல வேண்டும். பெண்ணின் உம்மாவைக் கேட்க அழைக்க வேண்டும். ஆள் அதே ஆள்தான் என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

“என்னய விட்ரு லாத்தா. எனக்கு அங்க உக்கார முடியாது” என்றார் மாமா. அக்காவை அவர் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

“ஒன் ஆளு நடிச்ச படத்துக்கு நீ போவலன்னா அவிய என்ன நெனைப்பாவ? ஒனக்காவ வேணாம், எனக்காவப் போ. இந்தப் புள்ளயையும் கூட்டிட்டுப் போ.”

எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வயது வராத பெண்பிள்ளை என்பதால் எனக்கு மட்டும் விலக்கு உண்டு. அதையும் இன்னும் எத்தனை நாள் விட்டுவைப்பார்களோ என்ற பயமும் உண்டு.

தியேட்டர் மாட்டுங்கா பக்கம். லேபர் கேம்ப் ஆட்கள் கும்பல் கும்பலாக வந்திருந்தார்கள். அணுசக்தி நகரிலிருந்து இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து பால்கனிக்குப் போனார்கள். அவர் திரையில் வந்ததும் காகிதத்தைக் கிழித்து வீசினார்கள், விசில் காதைக் கிழித்தது. நானும் கத்தினேன். மாமா கத்தவில்லை.

படம் என்றால் படமா அது! ஐந்து நிமிடத்தில் கூட்டம் அடங்கிவிட்டது. அவருக்குத் தொப்பை விழுந்திருந்தது, காக்கிச் சட்டையின் பட்டன் இழுத்துக்கொண்டு நின்றது. ஓடவே இல்லை, எல்லாவற்றுக்கும் ஜீப்பில் போனார். கொலை செய்தவன் இரண்டாவது காட்சியிலேயே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான். பின்வரிசையில் தூங்கியவருக்குக்கூட அவன்தான் என்று தெரிந்துபோயிற்று, துப்பறிகிறவருக்கு மட்டும் மூன்று மணி நேரம் தெரியவில்லை. “போதும் வாத்தியாரே, வீட்டுக்குப் போலாம்” என்று யாரோ கத்தினார்கள், தியேட்டரே சிரித்தது.

ஒரே ஒரு காட்சிதான் எனக்குப் பிடித்திருந்தது. நகையைத் திருடியதாக ஒல்லியான ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவன் ஒரு வீட்டு வேலைக்காரன். “நான் எடுக்கல சார்” என்பான். அவர் சட்டைக் கையை மெதுவாக மடித்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றுவார். அவ்வளவுதான், செத்துக் கிடந்த தியேட்டர் எழுந்து உட்கார்ந்தது. விசில், கைதட்டல், “போடு தலைவா!” ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் சேர்ந்து எண்ணியது. நானும் எண்ணினேன்.

“மாமா, சண்டை வந்துட்டு, பாருங்க!” என்று அவரை உலுக்கினேன். அவர் முன்சீட்டின் முதுகில் இரண்டு கையையும் மடக்கி வைத்து, அதன்மேல் தலையைக் கவிழ்த்திருந்தார். எவ்வளவு உலுக்கியும் நிமிரவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை சத்தத்தில் எப்படித் தூங்க முடிகிறது என்று ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் அந்த ஒல்லி ஆள் காலைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் எடுத்தேன், நான்தான்” என்று கதறினான். தியேட்டர் கூரை போய்விடும் போல் ஆர்ப்பரித்தது. அடுத்து ஒரு பாட்டு வந்தது. அப்போதுதான் மாமா தலையைத் தூக்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கள் வரிசைக்கு மேலே இருந்த ஃபேன் ஓடவில்லை.

வெளியே வந்ததும் சனங்கள் நடிகரைத் திட்டிக்கொண்டே போனார்கள். நாங்கள் நடந்தே திரும்பினோம். பாதித் தூரம் வந்த பிறகு மாமா கேட்டார்.

“ஸ்டேஷன்ல ஒரு ஆளு இருந்தாம்லா. கடேசில அவன் என்ன சொன்னான்?”

“நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டான். நீங்கதான் தூங்கிட்டிய.”

மாமா ரயில்வே பாலத்துக்கு அருகில் கொஞ்சம் நின்றார். அப்புறம் வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

மத்தியானம் எங்கள் வீடு நிறைந்தது. பெண்ணின் உம்மா தன் தங்கச்சியோடு வந்திருந்தாள். கனத்த ஆள். கட்டிலில் அவளுக்கென்று விரிப்பு மாற்றிப் போட்டிருந்தார்கள். உம்மா அடுப்பில் டீக்குப் பால் வைத்துவிட்டு, மாமாவின் முகத்தையும் அந்த மாமியின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலையைச் சீவியிருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

முதலில் கொஞ்சம் தட்டுத்தடுமாறியது. அப்புறம் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஜீப் வந்தது, துப்பாக்கி வெடித்தது, வாயாலேயே மழையும் பெய்தது. தியேட்டரில் பார்த்த தண்டப் படம் அவர் வாயில் எவ்வளவோ தேவலாம் என்று எனக்கே தோன்றியது. உம்மாவின் முகத்தில் வெகுநாளைக்கு அப்புறம் ஒரு தெளிவு வந்தது. கட்டிலில் இருந்த மாமி ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த ஒல்லி ஆளைப் பிடித்துக்கொண்டு வந்த இடம் வந்தது. மாமா குரலை இறக்கினார்.

“அவன இன்ஸ்பெக்டர் முன்னால நிறுத்துறாவ. இவரு கேக்காரு. அவன் சொல்லுதான், நான் எடுக்கலன்னு. அடிக்காவ. என்ன அடி! தலகீழா மாட்டிக்கூட அடிக்காவ. தண்ணி கேக்கான், குடுக்கல. மூணு நாளு. ஆனா எத்தன அடிச்சாலும் அவன் வாயில ஒரே சொல்லுதான். நான் எடுக்கல, நான் எடுக்கல, நான் எடுக்கல. கடேசில இன்ஸ்பெக்டரே பெல்ட்டக் கீழ போட்டுட்டு, அவன் கையப் பிடிச்சி மன்னிப்புக் கேக்காரு.”

பால் பொங்கி வழிந்ததைக்கூட உம்மா கவனிக்கவில்லை. பெண்ணின் உம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

“உண்மையுள்ளவன் அப்பிடித்தான் இருப்பான்” என்றாள் அவள். “எடுக்காதவன், எடுத்தேன்னு எதுக்குச் சொல்லப் போறான்? கொன்னு போட்டாலும் சொல்ல மாட்டான்.”

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் படத்தில் உருப்படியாக இருந்ததே அந்த ஒரு காட்சி. எண்ணி எண்ணிப் பார்த்தது. அதையும் மாமா இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று கோபம் கோபமாக வந்தது. மன்னிப்பாம், கையைப் பிடித்தாராம்! நான் எழுந்து நின்றேன்.

“பொய்! மாமா பொய் சொல்லுதாவ. மூணு நாளெல்லாம் இல்ல, தலகீழாவும் மாட்டல. இருவத்திரெண்டு அடிதான், நான் எண்ணுனேன். அதுலயே அவன் ஒத்துக்கிட்டான். நான்தான் எடுத்தேன்னு கால்ல விழுந்து அழுதான். மாமா அதப் பாக்கல, தூங்கிட்டாவ.”

“உக்காருட்டீ” என்று உம்மா அதட்டினாள்.

“அவந்தான் எடுத்திருக்கான், அதனாலதான் ஒத்துக்கிட்டான்” என்று நான் முடித்துவைத்தேன். பெண்ணின் உம்மா சொன்ன நியாயத்தோடு அது நன்றாகப் பொருந்தியதில் எனக்கு ஒரு திருப்தி.

மாமா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. மற்றவர்களெல்லாம் அங்கே இருப்பதை மறந்துவிட்டவர் போல எனக்கு மட்டும் சொன்னார்.

“எடுக்காதவனும் சொல்லுவான் புள்ள. ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா, என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லிருவான்.”

பெண்ணின் உம்மா முந்தானையை மெல்ல இறக்கினாள்.

“நீங்க சொன்னியளா தம்பி?”

“இவன் சொன்னதெல்லாம் படத்துல உள்ளது மாமி” என்று உம்மா குறுக்கே விழுந்தாள். “இவன டீ குடுத்துல்லா அனுப்புனாவ...”

“சொன்னேன் மாமி” என்றார் மாமா. “மூணாம் நாளு ராத்திரி. நான்தான் எடுத்தேன்னு கைநாட்டும் வச்சிக் குடுத்தேன். மறுநா சேட்டோட மருமவன் மாட்டலன்னா நான் இப்ப உள்ளதான் இருப்பேன்.”

கையெழுத்துப் போடத் தெரிந்த மாமா ஏன் கைநாட்டு வைத்தார் என்றுதான் எனக்கு அப்போது யோசனை ஓடியது. விரல்களால் பேனாவைப் பிடிக்க முடியாத நிலைமை என்று ஒன்று இருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

பெண்ணின் உம்மா உடனே எழுந்துவிடவில்லை. மரியாதைக்காரி. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு வேறு எவனாவது எதையாவது எடுத்தாலும் போலீஸ் முதலில் இந்த வாசலுக்குத்தான் வரும், ஆமாம் என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்த கை அல்லவா என்று அவள் கணக்குப் போட்டிருக்கலாம். பெண்ணைப் பெற்றவளை நான் இப்போது குறை சொல்ல மாட்டேன். தங்கச்சியைத் தொட்டு எழுப்பி, “அசர் தொழுகைக்கு நேரமாச்சு, வாறோம்” என்று கிளம்பினாள். டீ குடிக்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். படம் பாதியில் நின்றது.

உம்மா என் பக்கம் திரும்பினாள். கன்னத்தில் ஒன்று விட்டாள், இரண்டாவதற்குக் கை ஓங்கினாள். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அத அடிக்காத லாத்தா. அது பாத்தத்தான் சொல்லிச்சு. நீ அடிச்சேன்னா, பாக்கலன்னு சொல்லிரும்.”

உம்மா அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். மாமா தம் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மடிப்புக் கலையாமல், தோள் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து மாட்டினார். எனக்குக் கன்னம் எரிந்தது. ஆனாலும் மாமா என் பக்கம் பேசிவிட்டதால் நான்தான் ஜெயித்தேன் என்று பட்டது.

நிக்காஹ் நின்றுபோயிற்று. இரண்டு மூன்று நாளில் ஆண்கள் மூலமாகத் தகவல் வந்தது. காரணத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகவே ஒன்று வைத்துக்கொண்டேன். படத்தை மாற்றிச் சொல்லி மாமா எல்லாரையும் ஏமாற்றிவிட்டார், அதனால் பெண்ணின் உம்மாவுக்குக் கோபம். இதற்காகவா ஒரு கல்யாணத்தை நிறுத்துவார்கள், இவர்களும் மனிதர்களா என்று அந்த மாமி மேல் எனக்கு வெகுநாள் ஆத்திரம் இருந்தது. அவளை வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மாமா அதற்குப் பிறகு படம் பார்க்கவும் போகவில்லை, சொல்லவும் இல்லை. ஆனால் சந்தில் பெண்களுக்குப் படம் வேண்டியிருந்தது. “பாத்தத அப்பிடியே சொல்லுதவ” என்று எனக்கு அன்றோடு ஒரு பேர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தம் பிள்ளைகளோடு என்னையும் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மத்தியானம் மாமா உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வயதில் என்னையும் வீட்டோடு நிறுத்தும்வரை நான்தான் எங்கள் சந்துக்குப் படம் சொன்னேன். ஒரு காட்சியைக்கூட விடமாட்டேன், எதையும் மாற்றவும் மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்ன படத்திலும் போலீஸ் ஸ்டேஷன் வந்தது. அந்தக் காலத்துப் படங்களில் எதில்தான் வரவில்லை? அடி விழுகிற இடத்தில் நான் கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துவைத்து, ஒவ்வொரு அடிக்கும் அதன்மேல் ஓங்கி ஒன்று போட்டேன். பெண்கள் பயந்து சிரித்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பர்சுக்கு வார் தைத்துக்கொண்டிருந்த மாமா, தையலை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மூலையில் இருந்த தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தார். எங்கள் குழாயில் விடிகாலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும், மத்தியானத்தில் சொட்டுக்கூட வராது. தினமும் வரிசையில் நிற்கிற எனக்கு அது தெரியும். ஆனாலும் மாமா தண்ணீர் பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், நல்ல கட்டத்தில் எழுந்து போகிறாரே, கதை விட்டுப்போகுமே என்று, அவருக்கும் கேட்கட்டும் என்பதற்காகப் பெட்டியை இன்னும் பலமாக அடித்தேன்.